ஐஐஎஸ்-இல் இருந்து எடுத்த பிஎஃப்எக்ஸ் ஃபைலை என்ஜின்எக்ஸுக்கும் பழைய டாம்கேட்டுக்கும் கொண்டுபோவது எப்படி?

மேட்டுத்தெரு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள்.

அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 மெஷின் இருக்கிறது. எங்கள் டொமைனுக்கான வைல்ட்கார்ட் சர்டிபிகேட் (எல்லா சப்டொமைனுக்கும் பொதுவான எஸ்எஸ்எல் சான்றிதழ்) அதில் ஐஐஎஸ் என்ற மைக்ரோசாஃப்ட் வெப் சர்வரில்தான் இருக்கிறது. அந்த வெர்ஷனுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, இப்போதுதான் மேலே இருப்பவர்களுக்கு மனசு வந்து உபுண்டு 22.04-க்கு மாறச் சொல்லியிருக்கிறார்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர். பின்னால் இன்னொரு மெஷினில் டாம்கேட் என்ற ஜாவா சர்வர், அது ஜாவா 8-இல் ஓடுகிறது, அதுவும் ரொம்பப் பழைய அப்டேட், அதைத் தொட்டால் சப்போர்ட் கிடையாது என்று அந்த ஆப்பை விற்றவர்கள் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். ஒரே சர்டிபிகேட் இரண்டு இடத்திலும் வேண்டும்.

இதுவரை நடந்தது இது. விண்டோஸில் எம்எம்சி (நிர்வாகக் கன்சோல்) வழியாக, சர்டிபிகேட்டையும் அதன் ரகசியச் சாவியான பிரைவேட் கீயையும் சேர்த்து ஒரே பிஎஃப்எக்ஸ் ஃபைலாக எடுத்தேன். உபுண்டுவில் ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்டு திறந்தால் ‘ஆர்சி2-40-சிபிசி அன்சப்போர்ட்டட்’ என்று நிற்கிறது. பாஸ்வேர்டு சரிதான், விண்டோஸில் அதே ஃபைல் திறக்கிறது. பக்கத்து சீட் நண்பரின் லேப்டாப்பில் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 இருந்தது, அதில் சத்தமில்லாமல் திறந்து ஒரு பெம் ஃபைல் கொடுத்தது. அதோடு இடைநிலைச் சர்டிபிகேட்டையும் (எங்கள் சர்டிபிகேட்டுக்குக் கையெழுத்திட்டது) சேர்த்து என்ஜின்எக்ஸுக்குக் கொடுத்தால் ‘கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்’. சரி, டாம்கேட்டையாவது முடிப்போம் என்று அதே பெம்மை உபுண்டுவில் பி12 (பிகேசிஎஸ்12, பிஎஃப்எக்ஸ்-இன் இன்னொரு பெயர்) ஆக்கிக் கொடுத்தால், ஜாவா ‘ஹெச்மேக்-பிபிஇ-ஷா256 நாட் அவைலபிள்’ என்கிறது. கடைசியாக, சர்டிபிகேட் விற்றவர் அனுப்பிய ஜிப்பில் ஒரு சிஆர்டி, ஒரு பி7பி இருந்தன. சிஆர்டியை ஜாவாவின் கீடூல் கொண்டு புது ஜேகேஎஸ்-இல் (ஜாவா சாவி வைக்கும் பழைய கீஸ்டோர் வடிவம்) இம்போர்ட் செய்தேன், ‘சேர்த்தாச்சு’ என்று சொன்னது, ஆனால் டாம்கேட் கிளம்பும்போது அந்த அலையஸில் (உள்ளே வைத்த பெயரில்) கீயே இல்லை என்று விழுந்துவிடுகிறது.

நாலு பக்கமும் நாலு எரர். எங்கே ஆரம்பிப்பது?


பச்சைமிளகாய் எழுதியது:

எதுக்கு இவ்வளவு கஷ்டம் ப்ரோ. எஸ்எஸ்எல் கன்வெர்ட்டர் என்று தேடினால் நிறைய வெப்சைட் வரும். பிஎஃப்எக்ஸை அப்லோட் பண்ணி பாஸ்வேர்டு போட்டால் பெம்மாகக் கொடுத்துவிடும்.


ஓரக்கண் எழுதியது:

மேலே சொன்னதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பிஎஃப்எக்ஸையும் பாஸ்வேர்டையும் சேர்த்து முகம் தெரியாத ஒருத்தரிடம் கொடுப்பது என்றால் அந்த டொமைன் பெயரில் யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம் என்று எழுதிக்கொடுப்பதுதான், அதுவும் வைல்ட்கார்ட் என்றால் எல்லா சப்டொமைனுக்கும் சேர்த்து. அந்த வெப்சைட் நல்லவர்களுடையதாகவே இருக்கட்டும், ஃபைல் அங்கே அழிந்ததா என்று உங்களால் பார்க்கவே முடியாது. ஏற்கெனவே அப்லோட் செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: புது கீ உருவாக்கி சர்டிபிகேட்டை ரீஇஷ்யூ வாங்குங்கள், பழையதை ரிவோக் (ரத்து) செய்யச் சொல்லுங்கள். கீ வெளியே போய்விட்டது என்று உறுதியானால் சிஏ (சர்டிபிகேட் வழங்கும் நிறுவனம்) 24 மணி நேரத்துக்குள் ரிவோக் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கான விதி, அதனால் புதியதை சர்வரில் ஏற்றிவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

மேட்டுத்தெரு, அந்த நண்பரின் லேப்டாப்பில் இருக்கும் பெம் ஃபைலையும் மறக்காமல் அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலும் சேர்த்து.


பழுப்புநிறக்கயிறு எழுதியது:

உங்கள் நாலு எரருக்கும் நாலு வேறு வேறு காரணம், அதனால்தான் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று முளைப்பது போலத் தெரிகிறது. கட்டளைகளை முழுசாக ஒட்டாமல் ஆப்ஷன் பெயர்களை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கீ விஷயத்தில் யாரோ எழுதியதை அப்படியே ஒட்டி என்டர் தட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. மேனுவலைத் திறந்துவைத்துக்கொண்டு நீங்களே அடியுங்கள்.

முதலில் ஃபைலின் வால்பெயரை நம்பாதீர்கள். சிஆர்டி என்ற பெயரில் பெம்மும் வரும், டெர்ரும் வரும். ஃபைலை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். ‘பிகின் சர்டிபிகேட்’ என்று கோடு போட்ட வரி தெரிந்தால் பெம், புரியாத குப்பையாக இருந்தால் டெர் அல்லது பிஎஃப்எக்ஸ். பெம் என்பது வேறொன்றும் இல்லை, அதே டெர் பைட்டுகளை பேஸ்64-ஆக எழுதி மேலும் கீழும் ஒரு வரி சேர்த்தது. ‘பிகின் ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ’ என்றிருந்தால் பழைய பிகேசிஎஸ்1 வடிவம், ஆர்எஸ்ஏ என்ற சொல் இல்லாமல் ‘பிகின் பிரைவேட் கீ’ மட்டும் இருந்தால் பிகேசிஎஸ்8, நடுவில் ‘என்கிரிப்டட்’ இருந்தால் பாஸ்வேர்டு போட்ட பிகேசிஎஸ்8. பி7பி-யில் சர்டிபிகேட்கள் மட்டும்தான் இருக்கும், பிரைவேட் கீ இருக்காது. விற்றவர் அனுப்பிய ஜிப்பில் எவ்வளவு தேடினாலும் கீ கிடைக்காது, அவர்களிடம் அது இருக்கவும் கூடாது. சிஎஸ்ஆர் (சர்டிபிகேட் கேட்கும் விண்ணப்பம்) உருவாக்கிய மெஷினில்தான் கீ பிறந்தது, உங்கள் கதையில் அது அந்த விண்டோஸ் சர்வர். ஆகவே உங்கள் கையில் இருப்பதிலேயே உருப்படியான ஒரே ஃபைல் அந்த பிஎஃப்எக்ஸ். மற்றதை எல்லாம் ஓரமாக வையுங்கள்.

இதிலேயே உங்கள் நாலாவது எரருக்கும் விடை வந்துவிட்டது. கீடூலில் இம்போர்ட்சர்ட் என்பது சர்டிபிகேட்டை மட்டும் உள்ளே வைக்கும். அந்த அலையஸில் ஏற்கெனவே கீ இருந்தால் அதோடு போய் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் ‘இந்தச் சர்டிபிகேட்டை நம்புகிறேன்’ என்ற வகை என்ட்ரியாக உட்கார்ந்துவிடும். கீடூலில் லிஸ்ட் போட்டுப் பாருங்கள், டிரஸ்டட்சர்ட்என்ட்ரி என்று காட்டும். டாம்கேட்டுக்கு வேண்டியது பிரைவேட்கீஎன்ட்ரி. இன்னொன்று, பெம் வடிவில் இருக்கும் பிரைவேட் கீயை கீடூலால் நேரடியாக உள்ளே எடுக்க முடியாது, அந்த வசதியே அதில் இல்லை. பிகேசிஎஸ்12 வழியாகத்தான் போக வேண்டும்.

இப்போது ஆர்சி2 எரர். 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0, ஆர்சி2 மாதிரியான பழைய சைபர்களை (பூட்டும் முறைகளை) லெகசி என்ற தனி ப்ரொவைடருக்குள் தள்ளிவிட்டது, அது தானாக லோட் ஆகாது. உபுண்டு 22.04-இல் இருப்பது 3.0.2. உங்கள் பழைய விண்டோஸோ பிஎஃப்எக்ஸ்-க்குள் சர்டிபிகேட் பகுதியை 40 பிட் ஆர்சி2 கொண்டுதான் பூட்டியிருக்கிறது. அதனால் பிகேசிஎஸ்12 துணைக்கட்டளையோடு லெகசி என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் அதே ஃபைல் திறந்துவிடும், நண்பரின் லேப்டாப் தேவையே இல்லை.

ஜாவா எரர் இதையே தலைகீழாகப் போட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் 3 புதிதாக பி12 உருவாக்கும்போது ஏஇஎஸ்-256, பிபிகேடிஎஃப்2, ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் மேக் பகுதிக்கு ஷா256 என்று புதிய வழியில் பூட்டும். ஜாவா 8-இல் 8யூ301 அப்டேட்டுக்கு முந்தையவற்றுக்கு அது புரியாது. அதே ஓப்பன்எஸ்எஸ்எல்-இல் எக்ஸ்போர்ட் செய்யும்போதும் லெகசி ஆப்ஷன் கொடுக்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது, கீபிபிஇ, சர்ட்பிபிஇ இரண்டுக்கும் பிபிஇ-ஷா1-3டெஸ் என்றும் மேக்ஆல்க்-க்கு ஷா1 என்றும் கைப்பட எழுதிவிடுவது. ஆர்சி2 வராது, பழைய ஜாவாவும் திறக்கும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அதுகூட வேண்டாம் என்பதுதான் வேடிக்கை. விண்டோஸ் கொடுத்த அந்த பிஎஃப்எக்ஸ்-ஐ உங்கள் பழைய ஜாவா அப்படியே படிக்கும், இரண்டும் ஒரே காலத்து ஆட்கள். டாம்கேட் கான்ஃபிக்கில் கீஸ்டோர் ஃபைலாக அதையே காட்டி, கீஸ்டோர் டைப் என்ற இடத்தில் பிகேசிஎஸ்12 என்று எழுதினால் போதும். அந்த டைப்பைச் சொல்லாமல் விட்டால் அது ஜேகேஎஸ் என்று நினைத்துத் திறக்கப் பார்த்துத் தோற்கலாம், நிறைய பேர் விழும் குழி இதுதான். டாம்கேட் 8.5 முதல் ஃபைல், டைப், பாஸ்வேர்டு மூன்று விவரமும் எஸ்எஸ்எல்ஹோஸ்ட்கான்ஃபிக்-க்கு உள்ளே இருக்கும் சர்டிபிகேட் எலிமென்ட்டில் போகும், 7 என்றால் நேராக கனெக்டரில். அலையஸ் எழுதவே வேண்டாம், ஒரே ஒரு கீதான் உள்ளே என்றால் அதையே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் வைத்த அலையஸ் நீளமான எண்ணும் எழுத்துமாக இருக்கும், அதை டைப் செய்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜேகேஎஸ்-தான் வேண்டும் என்று ஆப்காரர்கள் அடம்பிடித்தால் கீடூலில் இம்போர்ட்கீஸ்டோர் என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஜாவா 6 முதலே உண்டு. சோர்ஸ் டைப் பிகேசிஎஸ்12, டெஸ்டினேஷன் டைப் ஜேகேஎஸ். அப்போது கீ பாஸ்வேர்டும் ஸ்டோர் பாஸ்வேர்டும் ஒன்றாகவே இருக்கட்டும், டாம்கேட் இரண்டும் ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்ளும். குறைந்தது 6 எழுத்து வேண்டும், பாஸ்வேர்டே இல்லாத பிஎஃப்எக்ஸ் ஜாவாவிடம் போனால் வம்புதான். ஜாவா 9-இலேயே இயல்பான கீஸ்டோர் டைப்பை பிகேசிஎஸ்12 ஆக்கிவிட்டார்கள், எனவே புதிதாக ஜேகேஎஸ் செய்வதில் எனக்கு விருப்பம் இல்லை.

மிச்சம் என்ஜின்எக்ஸ். ‘மிஸ்மேட்ச்’ என்றால் கீ தப்பு என்று பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் வரிசைதான் தப்பு. என்ஜின்எக்ஸ் அந்த ஃபைலில் முதலாவதாக இருக்கும் சர்டிபிகேட்டைத்தான் உங்கள் கீயோடு பொருத்திப் பார்க்கும். விண்டோஸ் பிஎஃப்எக்ஸ்-ஐ மொத்தமாகக் கொட்டினால் பல சமயம் ரூட் (சிஏ-வின் மூலச் சர்டிபிகேட்) முதலில் வந்து நிற்கும். அதனால் மூன்றாகப் பிரித்து எடுங்கள்: நோசர்ட்ஸ், நோஎன்க் போட்டால் கீ மட்டும் வரும், சிஎல்சர்ட்ஸும் நோகீஸும் போட்டால் உங்கள் டொமைன் சர்டிபிகேட் மட்டும், சிஏசர்ட்ஸும் நோகீஸும் போட்டால் இடைநிலைச் சர்டிபிகேட்களும் ரூட்டும். உங்கள் டொமைன் முதலில், அதற்குக் கையெழுத்திட்ட இடைநிலை அடுத்து, இப்படி அடுக்கி ஒரே ஃபைலாக்குங்கள். ரூட்டை எடுத்துவிடலாம், அது பிரௌசரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மேலே பேக் ஆட்ரிபியூட்ஸ் என்று நாலைந்து வரி வரும், என்ஜின்எக்ஸ் அதைக் கண்டுகொள்ளாது, ஆனால் சில லோட்பேலன்சர் ஸ்கிரீன்களில் ஒட்டினால் கத்தும், அழித்துவிடுங்கள்.

கீயும் சர்டிபிகேட்டும் ஜோடிதானா என்று பார்க்க மாடுலஸை (கீக்குள் இருக்கும் பெரிய எண்ணை) ஒப்பிடச் சொல்லி எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், அது ஆர்எஸ்ஏ-வுக்கு மட்டும்தான். இரண்டிலிருந்தும் பப்ளிக் கீயை வெளியே எடுத்து ஒப்பிடுங்கள், ஈசி (எலிப்டிக் கர்வ்) கீ என்றாலும் வேலை செய்யும்.

கீ ஃபைலுக்கு லினக்ஸின் ரூட் யூசர்தான் ஓனர், பெர்மிஷன் 600. என்ஜின்எக்ஸின் மாஸ்டர் ப்ராசஸ் ரூட்டாகத்தான் அதைப் படிக்கிறது, www-டேட்டாவுக்கு உரிமை கொடுக்க வேண்டியதில்லை. பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் எழுதாதீர்கள், ஷெல் ஹிஸ்டரியில் தங்கிவிடும், ஓடும்போது மற்ற யூசர்களுக்கும் தெரியும். கேட்கும்போது டைப் செய்யுங்கள்.


ஜன்னலோரம் எழுதியது:

கயிறு அண்ணன் லினக்ஸ் பக்கம் மட்டும் பேசுவார், விண்டோஸ் பக்கம் நான் சொல்கிறேன்.

எக்ஸ்போர்ட் விஸார்டில் ‘பாதையில் உள்ள எல்லாச் சர்டிபிகேட்களையும் சேர்’ என்ற டிக் போட்டீர்களா? போடாவிட்டால் இடைநிலை உள்ளே இருக்காது. ‘ஆம், பிரைவேட் கீயையும் எக்ஸ்போர்ட் செய்’ என்ற வரி மங்கலாக இருந்தால், ஆரம்பத்திலேயே எக்ஸ்போர்ட் கூடாது என்று குறித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதோடு மல்லுக்கட்டாமல் லினக்ஸிலேயே புது கீ, புது சிஎஸ்ஆர் செய்து ரீஇஷ்யூ வாங்குவது நல்லது. சர்டிபிகேட் தெரிகிறது, ஐகானில் சாவி படம் மட்டும் காணோம் என்பவர்கள் சர்ட்யூட்டிலில் ரிப்பேர்ஸ்டோர் கட்டளையைச் சீரியல் நம்பரோடு கொடுத்துப் பாருங்கள், கீ அந்த மெஷினிலேயே இருந்தால் சேர்த்துவிடும். சிஇஆர் ஒன்று, கீ ஒன்று எனத் தனித்தனியாக வந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டு மெர்ஜ்பிஎஃப்எக்ஸ் கொடுங்கள், ஓப்பன்எஸ்எஸ்எல் இல்லாமலே பிஎஃப்எக்ஸ் வரும்.

லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 கொண்டு செய்த பிஎஃப்எக்ஸ்-ஐ விண்டோஸ் சர்வர் 2016-க்குக் கொண்டுபோனால் ‘பாஸ்வேர்டு தவறு’ என்று சொல்லும். பாஸ்வேர்டு சரியாகவே இருக்கும், பூட்டிய முறைதான் அதற்குப் புரியவில்லை, ஆனால் அதை நேராகச் சொல்லத் தெரியாது. 2019-இல் இந்தத் தொல்லை இல்லை. ஆப்பிள் மேக்கின் கீசெயினும் இதே பொய்யைத்தான் சொல்லும். இதற்கும் மேலே சொன்ன 3டெஸ் வழிதான் மருந்து.

பெம்மை நோட்பேடில் திறந்து சேமிக்கும்போது யுடிஎஃப்-8 பிஓஎம் சேர்ந்துவிட்டால் முதல் வரிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் உட்கார்ந்துகொள்ளும், ‘நோ ஸ்டார்ட் லைன்’ என்று எரர் வரலாம். கண்ணால் எவ்வளவு பார்த்தாலும் பிடிபடாது.


மேட்டுத்தெரு எழுதியது:

பெரிய நன்றி. டாம்கேட் பிஎஃப்எக்ஸ்-ஐ அப்படியே எடுத்துக்கொண்டது, டைப்பை எழுதியதும் கிளம்பிவிட்டது. என்ஜின்எக்ஸும் வரிசையை மாற்றியதும் சரியானது. லேப்டாப் ஃபைலையும் அழித்தாயிற்று.

ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. என்ஜின்எக்ஸ் பக்கம் எல்லாமே நன்றாக இருக்கிறது. டாம்கேட்டை நேராகத் தொடும்போது குரோமில் பச்சை, ஆனால் எங்கள் ஆண்ட்ராய்டு ஆப் இணைய மறுக்கிறது, இன்னொரு ஜாவா சர்வீஸ் ‘பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்’ என்கிறது.


ஜன்னலோரம் எழுதியது:

அந்த டிக். போடவில்லை, இல்லையா? என்ஜின்எக்ஸுக்கு இடைநிலையை ஜிப்பில் இருந்த பி7பி-யில் இருந்து எடுத்துச் சேர்த்திருப்பீர்கள். டாம்கேட் கையில் இருக்கும் பிஎஃப்எக்ஸ்-இல் அது இல்லை.


மேட்டுத்தெரு எழுதியது:

ஆமாம், பி7பி-தான். ஜோசியம் பார்ப்பீர்களா?


பழுப்புநிறக்கயிறு எழுதியது:

குரோம் விடுபட்ட இடைநிலையைச் சர்டிபிகேட்டுக்குள்ளேயே எழுதியிருக்கும் முகவரியில் இருந்து தானாகவே இறக்கிக்கொள்ளும், அதனால் டெஸ்க்டாப்பில் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொல்லவே கூடாது. ஆண்ட்ராய்டு ஆப், ஜாவா, கர்ல் எதுவும் அப்படிச் செய்யாது, சர்வர் கொடுத்ததை வைத்துத்தான் பார்க்கும். கீடூல் லிஸ்ட்டை வி ஆப்ஷனோடு போட்டு ‘சர்டிபிகேட் செயின் லெங்த்’ என்ற வரியைப் பாருங்கள், 1 என்றிருக்கும். விண்டோஸில் டிக் போட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்து ஃபைலை மாற்றுங்கள், 2 அல்லது 3 வர வேண்டும். அந்த ஜாவா சர்வீஸின் கேசர்ட்ஸ் ஃபைலில் (ஜாவா நம்பும் சர்டிபிகேட்களின் பட்டியல்) சர்டிபிகேட்டைத் திணிக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். சர்வரில் ஓட்டை இருக்கும்போது ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஒட்டுப்போட்டுக்கொண்டே போக வேண்டிவரும்.


ஓரக்கண் எழுதியது:

இந்த வேலையைக் கையால் செய்யும் காலமும் முடியப்போகிறது என்பதைச் சொல்லி வைக்கிறேன். சிஏ-க்களும் பிரௌசர் கம்பெனிகளும் சேர்ந்த சிஏ/பிரௌசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி பொதுச் சர்டிபிகேட்டின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். மாதம் ஒருமுறை எம்எம்சி திறந்து டிக் போடுவதெல்லாம் நடக்காது. மேலே இருப்பவர்களுக்கு மனசு இருக்கும்போதே ஆக்மி (சர்டிபிகேட்டைத் தானாகப் புதுப்பிக்கும்) முறைக்கு மாற்றப் பாருங்கள். வைல்ட்கார்ட் என்பதால் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்புதான் வேண்டும், உங்கள் டிஎன்எஸ்-க்கு ஏபிஐ இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். புதுப்பித்ததும் ஓடும் ஹூக்கில் பி12 செய்து டாம்கேட் மெஷினுக்கு அனுப்பிவிடலாம், அங்கே அந்த 3டெஸ் ஆப்ஷன்களை மறக்காதீர்கள். டாம்கேட் 8.5 அல்லது அதற்கு மேல் என்றால் பெம்மையே நேராகக் கொடுத்துவிடலாம், பி12-உம் வேண்டாம்.


வேப்பம்பூ எழுதியது:

இதே இழையில் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் கம்பெனி டைரக்டரின் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சர்டிபிகேட்) யூஎஸ்பி டோக்கனில் இருக்கிறது. இன்வாய்ஸ் பிடிஎஃப்களில் சர்வரே தானாகக் கையெழுத்துப் போட வேண்டும். டோக்கனில் இருந்து பிஎஃப்எக்ஸ் எடுப்பது எப்படி?


ஓரக்கண் எழுதியது:

எடுக்க முடியாது, அக்கா. டோக்கன் என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான். கீ அந்தச் சிப்புக்குள்ளேயே பிறந்து அங்கேயே இருக்கும், கையெழுத்துப் போடும் கணக்கும் உள்ளேயே நடக்கும், வெளியே வருவது கையெழுத்து மட்டும். விண்டோஸில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரு சிஇஆர் வரும், அதில் சர்டிபிகேட் மட்டும்தான். ‘எடுத்துத் தருகிறேன்’ என்று சொல்லும் ஏஜென்ட்களிடம் டோக்கனையும் அதன் ரகசிய எண்ணையும் (பின்) கொடுத்துவிடாதீர்கள், அது உங்கள் டைரக்டரின் சட்டப்படியான கையெழுத்து.

சர்வரில் டோக்கனைச் செருகி பிகேசிஎஸ்11 (டோக்கனோடு பேசும் பொது முறை) வழியாகப் பேசலாம். டோக்கன் கம்பெனி கொடுக்கும் டிரைவர் லைப்ரரியை ஜாவாவின் சன்பிகேசிஎஸ்11 ப்ரொவைடருக்குக் காட்டினால், டோக்கன் ஒரு கீஸ்டோர் மாதிரியே திறக்கும், அந்த பின் எண்தான் அதன் பாஸ்வேர்டு. ஜாவா 8-க்கும் 9-க்கும் இடையே அந்த ப்ரொவைடரை உருவாக்கும் முறை மாறியிருக்கிறது, பழைய உதாரணங்களை அப்படியே எடுக்காதீர்கள். சர்வர் வர்ச்சுவல் மெஷின் என்றால் யூஎஸ்பி-யை உள்ளே கொண்டுவருவதே தனி வேலை. எந்த டோக்கன், எந்த ஜாவா, எந்த ஓஎஸ் என்று எழுதித் தனி இழை போடுங்கள், அங்கே வருகிறேன்.